துயரம் ஓர் அமானிதம்
(அண்மையில் வாசித்தவையும் பார்த்தவையும் குறித்துச் சில எண்ணங்கள்)

கடந்த ஆறேழு மாதங்களில் நான் வாசித்த நூல்களும் பார்த்த படங்களும் தற்செயலாக ஒரே திசையில் அமைந்துவிட்டன. பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் தமிழாக்கிய 'எரியும் பனிக்காடு' நாவல், அதைத் தழுவிப் பாலா இயக்கிய 'பரதேசி', பிரசன்ன விதானகேயின் 'பரடைஸ்', மீண்டும் எடுத்து வாசித்த சி. வி. வேலுப்பிள்ளை, தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'. இவை ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் வதைபடுகிறார். வாசித்து முடித்ததும் நெஞ்சு கனக்கிறது. சில வேளை கண்ணும் கலங்குகிறது. பிறகு எழுந்து தேநீர் ஊற்றிக் குடிக்கிறோம். 'நல்ல நாவல்' என்று நண்பரிடம் சொல்கிறோம். அடுத்த நூலைத் தேடுகிறோம்.

இதில் ஏதோ ஒரு கணக்குத் தீராமல் நிற்கிறது என்ற உணர்வு எனக்கு நெடுநாளாக உண்டு. பிறருடைய துயரத்தை வாசித்து நாம் அடையும் நெகிழ்ச்சி நம்மிடமிருந்து எதையேனும் கேட்கிறதா? கேட்கிறதென்றால் எதை? நெகிழ்வதே போதுமென்றால், துயரத்தை ரசிப்பவருக்கும் துயரத்தில் பங்கெடுப்பவருக்கும் என்ன வேறுபாடு? இக்கட்டுரை இந்தக் கேள்விகளைச் சுற்றியே செல்கிறது.

இக்கேள்வி எனக்கு முக்கியமாவதற்கு நான் வாழும் இடமும் ஒரு காரணம். பட்டிப்பொல ரயில் நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1891 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இலங்கையின் ரயில் நிலையங்களில் இதுவே மிக உயரமானது. ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகிறவர்கள் இவ்வழியால் போகிறார்கள். பனியையும் பச்சையையும் படம் பிடிக்கிறார்கள். அந்தப் பச்சைக்குள் குனிந்து நிற்பவர்களும் படத்தில் விழுந்துவிடுகிறார்கள். வேறொருவரின் காட்சிக்குள் வாழ்வது எப்படியிருக்கும் என்று இந்த மலைகளில் உள்ளவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அவர்களின் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிக்கும் எனக்கு, அவர்களைப் பற்றிய எழுத்தை வெறும் இலக்கியமாக மட்டும் வாசிக்க முடிவதில்லை.

1

இது பழைய வழக்கு. நாடகத்தில் பிறர் துன்பத்தைக் கண்டு இரக்கமும் அச்சமும் கொள்வதால் அவ்வுணர்ச்சிகள் தெளிவு பெறுகின்றன என்றார் அரிஸ்டோட்டில். நம் காலத்து இலக்கிய வகுப்புகளில் இன்றும் இதுவே முதற்பாடம். இதை மறுத்தவர்களும் உண்டு. 1758 இல் எழுதிய ஒரு நீண்ட கடிதத்தில் ரூஸோ நாடக அரங்கைக் கடுமையாகக் கேள்விக்குட்படுத்தினார். அரங்கில் கற்பனை மாந்தருக்காக அழுதுவிட்டால் மனிதாபிமானக் கடமை தீர்ந்துவிட்டதாக நாம் எண்ணிக்கொள்கிறோம், இனி நம்மிடம் கேட்க எவருக்கும் எதுவுமில்லை என்று திருப்தியடைந்து வீடு திரும்புகிறோம் என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

ஆசிரிய கலாசாலையில் கல்வி உளவியல் படித்த எல்லோருக்கும் வில்லியம் ஜேம்ஸ் என்ற பெயர் பரிச்சயமாக இருக்கும். பரீட்சைக்காக நாம் படித்த ஜேம்ஸ் பழக்கம், கவனம், ஞாபகம் என்ற தலைப்புகளோடு நின்றுவிட்டார். ஆனால் 1890 இல் வெளிவந்த அவருடைய உளவியல் பெருநூலில், பழக்கம் பற்றிய அதே அத்தியாயத்தில் ஓர் எடுத்துக்காட்டு வருகிறது. ஒரு ருஷ்யச் சீமாட்டி நாடகம் பார்த்துக் கண்ணீர் விடுகிறாள். அதே வேளையில் வெளியே அவளுடைய வண்டிக்காரன் குளிரில் உறைந்து செத்துக்கொண்டிருக்கிறான். ஜேம்ஸ் அதோடு நிற்கவில்லை. உணர்ச்சி எழுந்து செயலாக மாறாமலே கலைந்து போவது வழக்கமானால், மனிதன் மெல்ல மெல்லச் செயலுக்குத் தகுதியற்றவனாகிறான் என்கிறார். எனவே ஒரு கச்சேரி கேட்டு உருகினால் அன்றைக்கே ஒரு சிறு நன்மையையாவது செய்துவிடும்படி ஆலோசனை சொல்கிறார். உறவினர் ஒருவரிடம் அன்பாக நாலு வார்த்தை பேசுவதோ வண்டியில் ஒருவருக்கு இடம் விடுவதோ போன்ற காரியமாயினும் போதும் என்பது அவர் கருத்து.

ஜேம்ஸுக்கு ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்த இமாம் கஸ்ஸாலி (வபாத் ஹிஜ்ரி 505, கி.பி. 1111) தம் மாணவர் ஒருவருக்கு எழுதிய சிறு நூலிலும் இதே கவலையைக் காண்கிறோம். எத்தனை ஆண்டு கற்றாலும் எத்தனை நூல் சேர்த்தாலும் அமலில் வராத அறிவு ஒருவரைக் காப்பாற்றாது என்பது 'அய்யுஹல் வலத்' நூலின் அடிநாதம். அறிவைப் பற்றி அவர் சொன்னதை நாம் உணர்ச்சிக்கும் பொருத்திப் பார்க்கலாம். உருகுவதும் ஒருவகை அறிவுதானே.

ஆனால் இவர்கள் எல்லோரும் பேசுவது பார்ப்பவரைப் பற்றி. அவருடைய உள்ளம் கெடுமா திருந்துமா என்பதைப் பற்றி. நாடகத்தில் அழப்படுகிறவர் யார் என்ற கேள்வி அங்கே இல்லை. கிரேக்க நாடகத்தின் அரசன் எப்போதோ இறந்தவன். நாம் வாசிக்கும் கங்காணியும் கொழுந்து பறிப்பவளும் அப்படியல்லர். அவர்களின் பேரப்பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். எனவே கேள்வியைச் சற்றுத் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. உயிருள்ள மனிதரின் துயரம் நம் கைக்குக் கதையாக வந்து சேரும்போது அது யாருடைய சொத்து?

2

எனக்குத் தோன்றும் விடை நம்மிடையே அன்றாடம் புழங்கும் ஒரு சொல்லில் இருக்கிறது. அமானிதம். பிறருடைய பொருள் நம் கையில் இருக்கிறது, நாம் அதற்குச் சொந்தக்காரர் அல்லர், ஆனால் பொறுப்பாளிகள். அமானிதங்களை அவற்றுக்குரியவர்களிடம் ஒப்படைக்குமாறு திருக்குர்ஆன் கட்டளையிடுகிறது. நபிகளார் ஹிஜ்ரத் புறப்பட்ட இரவில், தம்மிடம் மக்காவாசிகள் ஒப்படைத்திருந்த பொருட்களைத் திருப்பிக் கொடுப்பதற்காக அலீ (ரழி) அவர்களைப் பின்னே விட்டுச் சென்றார்கள் என்று சீரா நூல்கள் கூறுகின்றன. தம்மை ஊரைவிட்டே துரத்தியவர்களின் பொருளும் அதில் இருந்தது.

ஒப்படைக்கப்பட்ட பொருளைப் பற்றி பிக்ஹு நூல்கள் சொல்லும் விதிகள் நுட்பமானவை. பாதுகாப்பவர் உரிய கவனத்தோடு வைத்திருந்தும் பொருள் அழிந்துபோனால் அவர்மேல் குற்றமில்லை. ஆனால் உரிமையாளரின் சம்மதமின்றி அதைத் தம் தேவைக்கு எடுத்துப் பயன்படுத்திவிட்டால் அந்தக் கணத்திலிருந்து அவர் நட்டஈட்டுக்குப் பொறுப்பாளியாகிறார். இவ்விதிகளிலிருந்து மூன்று கடமைகளைப் பிரித்தெடுக்கலாம். பொருளைச் சிதைக்காமல் காப்பது. சொந்த இலாபத்துக்குப் பயன்படுத்தாதிருப்பது. உரியவரிடம் திருப்பிச் சேர்ப்பது. எழுத்தாளர், இயக்குநர், வாசகர் ஆகிய மூவருக்குமே இம்மூன்றும் பொருந்தும் என்று நினைக்கிறேன். நான் வாசித்தவற்றையும் பார்த்தவற்றையும் இந்த அளவுகோலை வைத்துப் பார்க்கிறேன்.

3

முதலாவது, சிதைக்காமல் காப்பது.

டேனியல் ஒரு மருத்துவர். தென்னிந்தியாவின் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் பணியாற்றியவர். அங்கே தொழிலாளர் சங்கம் அமைப்பதிலும் ஈடுபட்டவர். தாம் கேட்டதையும் கண்டதையும் வைத்து அவர் எழுதிய 'ரெட் டீ' 1969 இல் வெளிவந்தது. தமிழாக்கம் 2007 இல். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் ஆசை வார்த்தையை நம்பி மலையேறுகிறார்கள். முன்பணம் என்ற கயிறு கழுத்தில் விழுகிறது. மலைக்காய்ச்சலும் அட்டையும் அடியும் கணக்குப் புத்தகமும் அவர்களைத் தின்கின்றன. நாவலின் பிற்பகுதியில் ஆபிரகாம் என்ற மருத்துவர் வருகிறார். தோட்ட நிருவாகத்தோடு மோதி, செத்துக்கொண்டிருந்த மக்களுக்கு வைத்தியத்தைக் கொண்டுவருகிறார்.

இலங்கை வாசகருக்கு இந்நாவலில் ஒவ்வொரு பக்கமும் தெரிந்த பக்கம். மேஸ்திரியை நாம் கங்காணி என்போம். முன்பணக் கடன் எழுதிய சீட்டைத் துண்டு என்று நம் மூத்தவர்கள் சொன்னார்கள். கடல் ஒன்றுதான் இடையில்.

2013 இல் வந்த 'பரதேசி'யைப் பாலா 1939 ஆம் ஆண்டுச் சாலூர் கிராமத்தில் தொடங்குகிறார். படத்தின் முற்பகுதி மனதில் நிற்கிறது. பஞ்சம் பிழைக்கப் புறப்பட்டவர்கள் நடக்கும் நீண்ட நடையை மறக்க முடியாது. முடிவும் அப்படியே. தான் தப்பமுடியாத அந்த நரகத்துக்குள் தன் அங்கம்மாவும் குழந்தையும் கங்காணியால் கொண்டுவரப்பட்டதைக் கண்டு ராசா கதறுவதோடு படம் முடிகிறது. தோட்டத் தொழிலாளியை ஒரு வணிகத் திரைப்படத்தின் நடுவில் நிறுத்தியதற்காகப் பாலாவுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் அந்த மருத்துவருக்கு என்ன நடந்தது? நாவலில் மக்களின் பக்கம் நின்ற மருத்துவர், திரையில் ஆடிப்பாடி மதம் பரப்பும் ஒருவராகி விட்டார். கலைஞனுக்கு மாற்றும் சுதந்திரம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. பெயரை மாற்றலாம், ஆண்டை மாற்றலாம், இரண்டு பாத்திரங்களை ஒன்றாக்கலாம். தோட்டத்துக்குள் மதமாற்றம் நடந்ததும் வரலாறுதான். அதைத் தனியே விமர்சித்துப் படமெடுக்கவும் உரிமை உண்டு. ஆனால் ஒரு மருத்துவர் தம் வாழ்வின் உழைப்பிலிருந்து பிழிந்தெடுத்துத் தந்த சாட்சியத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, அந்தச் சாட்சியையே கேலிப்பொருளாக்குவது வேறு விஷயம். பொருளை ஒப்படைத்தவரின் முகத்தையே அழித்துவிட்டுப் பொருளை வைத்துக்கொள்வது போன்றது அது. எந்தச் சமயத்தவர் என்பதல்ல இங்கே பிரச்சினை. நம் ஆலிம் ஒருவருக்கோ ஒரு பூசாரிக்கோ இது நடந்திருந்தாலும் இதையேதான் சொல்ல வேண்டும்.

சிதைவு இன்னொரு வழியிலும் நேர்கிறது. அதை எனக்குக் காட்டியவள் எட்டாம் தரத்து மாணவி ஒருத்தி. தோட்ட வாழ்க்கை பற்றிய கதையொன்றை வகுப்பில் வாசித்து முடித்தபோது அவள் கையை உயர்த்தினாள். "சேர், ஏன் எப்பவும் எங்களைப் பத்தி அழுவுற மாதிரியே எழுதுறாங்க? எங்கம்மா எல்லாம் மலையில பகிடி பண்ணிச் சிரிச்சுக்கிட்டுத்தானே கொழுந்து எடுக்குறாங்க" என்றாள்.

இது சாதாரணக் கேள்வி அல்ல. துயரத்தைக் கூட்டிச் சொல்வதும் அமானிதத்தில் கலப்படம்தான். பொய் சொல்லாமலே கலப்படம் செய்யலாம். சிரிப்பை விட்டுவிட்டாலே போதும். அழுகையை மட்டும் எடுத்துவைத்தால் மனிதர் மறைந்து பரிதாபம் மட்டும் மிஞ்சுகிறது. பரிதாபத்துக்குரியவரோடு எவரும் சரிசமமாக உட்கார்ந்து பேசுவதில்லை. சி. வி. வேலுப்பிள்ளையை இன்றும் வாசிக்க முடிவதற்குக் காரணம், அவர் இம்மக்களின் துன்பத்தை எழுதிய அதே கையால் அவர்களின் நாட்டார் பாடல்களையும் தேடித் தொகுத்தார் என்பதே. அப்பாடல்களில் காதலும் கேலியும் கங்காணியைக் கிண்டலடிக்கும் துணிச்சலும் உண்டு.

4

இரண்டாவது, சொந்த இலாபத்துக்குப் பயன்படுத்தாதிருப்பது.

'பரதேசி' வெளிவருமுன் விளம்பரத்துக்காக ஒரு துண்டுக் காட்சி வெளியிடப்பட்டது. இயக்குநர் தடியை ஓங்கி நடிகர்களை அடிப்பது போன்ற படப்பிடிப்புக் காட்சிகள் அதில் இருந்தன. பெரும் கண்டனம் எழுந்தது. நடிப்பைச் சொல்லிக்கொடுத்தபோது எடுக்கப்பட்டவை அவை, உண்மையான அடி அல்ல என்று பின்னர் விளக்கம் தரப்பட்டது. அவ்விளக்கத்தை அப்படியே ஏற்றுக்கொள்வோம். அப்போதும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. அடிபட்ட மக்களைப் பற்றிய படத்துக்குக் கூட்டம் சேர்க்க, அடிப்பதைக் காட்டுவது உதவும் என்று ஏன் தோன்றியது? வலி ஒரு விற்பனைச் சரக்கு என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது என்பதே விடை.

இயக்குநரை மட்டும் சொல்லி நாம் தப்பிக்க முடியாது. வாங்குகிறவர் இல்லாமல் சரக்கு விலைபோகாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வீசியபோது மலையகமெங்கும் மண் சரிந்தது. நாடு முழுவதும் 600 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்த நாட்களில் கைத்தொலைபேசியில் வந்து குவிந்த காட்சிகளில் பல, வழி எங்கே அடைபட்டிருக்கிறது, யாருக்கு என்ன தேவை என்று சொன்னவை. அவை உயிர்காத்தவை. வேறு சில, பின்னணியில் சோக இசை சேர்த்து, சேற்றிலிருந்து தூக்கப்படும் உடலை மெதுவாக ஓடவிட்டுக் காட்டியவை. இரண்டையும் எடுத்தது ஒரே வகைக் கைத்தொலைபேசிதான். முதலாவது அமானிதத்தை உரியவருக்குக் கொண்டுபோனது. இரண்டாவது அதை எடுத்துச் செலவழித்தது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களோடு மனிதர்கள் புதைந்தபோதும் இவ்விரண்டு வகைக் கண்களும் அங்கே போயிருந்தன.

இலக்கியக்காரர்களாகிய நம்மிடம் இதன் வடிவம் இன்னும் நுட்பமானது. ஒரு நாவலை வாசித்து, 'என்னால் உறங்க முடியவில்லை' என்று எழுதுகிறோம். அந்த வாக்கியத்தில் நாவலின் மாந்தர் இல்லை. என் மென்மையான உள்ளமே இருக்கிறது. கஸ்ஸாலி 'இஹ்யா'வில் முகஸ்துதியைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். உடல் மெலிவையும் கலைந்த தலையையும் காட்டிக்கூடப் பக்தியை விளம்பரப்படுத்தலாம் என்கிறார். கண்ணீரையும் அந்தப் பட்டியலில் சேர்ப்பதில் தவறில்லை. விமர்சனம் எழுதும்போது, இதில் எழுதப்படுவது அவர்களா நானா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. இந்தக் கட்டுரைக்கும் அது பொருந்தும்.

5

இவ்விடத்தில் 'பரடைஸ்' பற்றிச் சொல்ல வேண்டும். 2023 இல் பூசான் திரைப்பட விழாவில் கிம் ஜிசோக் விருது பெற்ற படம் இது. விடுமுறைக்கு ஊர் வந்திருந்த பழைய மாணவர் ஒருவரின் மடிக்கணினியில் இருவருமாகப் பார்த்தோம்.

2022 இன் பொருளாதார நெருக்கடிக் காலம். எரிபொருள் இல்லை, மருந்து இல்லை, வீதியெங்கும் போராட்டம். கேரளத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் திருமண ஆண்டு நிறைவைக் கொண்டாட இலங்கைக்கு வருகிறார்கள். இராமாயணத்தோடு தொடர்புபடுத்திச் சொல்லப்படும் இடங்களை வழிகாட்டி காட்டிக்கொண்டு போகிறார். கணவன் கேசவ் திரைத்துறைக்காரன். தன் தொடருக்கு ஒரு பெரிய நிறுவனத்தின் சம்மதம் கிடைத்த மகிழ்ச்சியில் இருக்கிறான். மலைநாட்டு விடுதியில் ஓரிரவு அவர்களின் கைத்தொலைபேசிகளும் கணினிகளும் களவுபோகின்றன. கேசவ் பொலிஸை நெருக்குகிறான். பொலிஸ் தனக்குப் பழக்கமான வழியில், தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளரைப் பிடித்துக்கொண்டு வருகிறது. அடிபட்ட ஒருவர் இறந்துபோகிறார்.

விதானகே மிகவும் சாமர்த்தியமாக நம்மை அந்தச் சுற்றுலாப் பயணிகளின் வாகனத்துக்குள் உட்காரவைத்துவிடுகிறார். முதல் அரைமணி நேரம் நாமும் பனியையும் அருவியையும் ரசிக்கிறோம். பொருள் களவுபோனதும் நமக்கும் கோபம் வருகிறது. 'இவர்கள்தானா?' என்று பொலிஸ் கேட்கும்போதுதான், எந்த இருக்கையில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது உறைக்கிறது. மனைவி அமிர்தாவுக்கு அது உறைக்கிறது. கேசவுக்குக் கடைசிவரை தன் கணினியே பெரிதாக இருக்கிறது. கதைகள் தயாரிப்பதைத் தொழிலாகக் கொண்டவனால், தன் முன்னால் நடக்கும் கதையில் தன் பாத்திரம் எதுவென்று பார்க்க முடியவில்லை. ருஷ்யச் சீமாட்டியின் கதையை இக்காலத்துக்கு ஏற்ப இதைவிட நன்றாகச் சொல்ல முடியாது.

படம் முடிந்ததும் என் மாணவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "செத்துப்போன ஆளோட வீட்டுக்குள்ள கெமரா போகவேயில்லையே, சேர்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. பெரும்பாலும் வந்தவர்களின் கண்ணாலேயே நாம் பார்க்கிறோம். இறந்தவரின் வாழ்வு நமக்கு அதிகம் தெரியவருவதில்லை. ஆனால் இதைக் குறையாகவே சொல்லவேண்டுமா என்று எனக்குத் தயக்கம். தெரியாத வீட்டுக்குள் அனுமதியின்றி நுழையாமல், வாசலில் நின்று, 'இவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஆனால் அடித்தவர் யார், அடிக்கச் சொன்னவர் யார் என்பது தெரியும்' என்று சொல்வதும் அமானிதத்தைப் பேணும் முறைதான். அந்த வீட்டின் கதையை அந்த வீட்டுக்காரர் எழுதட்டும். நான் அவரிடம் அதைத்தான் சொன்னேன். "நான் எழுதினா யாரு வாசிப்பாங்க?" என்று கேட்டார். இக்கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் இந்த இதழை வாசிக்கும் நாமெல்லோரும்தான்.

6

இதுவரை பிறரைப் பற்றிப் பேசினோம். நம் பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

இலங்கையின் முதலாவது தமிழ் நாவல் என்று பலரும் போற்றும் 'அசன்பே சரித்திரம்' 1885 இல் வெளிவந்தது. எழுதியவர் கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பை. இது நமக்குப் பெருமை தரும் செய்தி. அந்த 1880 களில் கண்டியைச் சுற்றிய மலைகளில் கோப்பி நோயால் அழிந்துகொண்டிருந்தது, தேயிலை பரவிக்கொண்டிருந்தது, தோட்டங்களில் லயங்கள் நிறைந்துகொண்டிருந்தன. நாவலோ எகிப்தில் பிறந்து இந்தியாவில் வளர்ந்த ஒரு வீரனின் சரித்திரத்தைச் சொல்கிறது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. காலனித்துவத்தின் கீழ் நொந்திருந்த ஒரு சமூகத்துக்கு வீரமும் கல்வியும் ஊட்டுவது அவர் நோக்கம். அதை அவர் சிறப்பாகச் செய்தார். ஆயினும் மலைநாட்டில் வாழும் நம் எழுத்து நூற்று நாற்பது ஆண்டுகளில் பக்கத்து மலையை எத்தனை தடவை பார்த்திருக்கிறது என்று கேட்டுக்கொள்வது தகும்.

பார்த்தால் என்ன தெரியும்? தோட்டச் சந்திகளில் நம்மவர் கடை வைத்திருந்தது தெரியும். சம்பள நாள்வரை கடனுக்கு அரிசியும் மாவும் கொடுத்த, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தம் வாகனத்திலேயே ஏற்றிப்போன முதலாளிமார் இருந்தார்கள். கடன் கொப்பியில் ஒன்றை இரண்டாக எழுதியவர்களும் இருந்தார்கள். எழுத்தறியாத ஒருவரின் கணக்கு முழுவதும் நம் கையெழுத்தில் இருந்தது. மலையகச் சிறுகதைகளில் கடைக்கார முதலாளி வரும்போது நம் வாசகர்கள் சிலருக்கு மனம் சுருங்குகிறது. 'எங்களை இப்படிக் காட்டிவிட்டார்களே' என்கிறார்கள். நம்மேல் விழுந்த அடியைப் பிறர் எழுதும்போது மகிழ்கிறோம். நம் கொப்பியைத் திறக்கும்போது அது அவதூறாகிவிடுகிறது.

திருக்குர்ஆன் நீதிக்குச் சாட்சி சொல்லுமாறு பணிக்கும்போது, அது உங்களுக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராக இருந்தாலும் சரியே என்று சேர்த்தே சொல்கிறது. அப்படிச் சாட்சி சொன்னவர் மீரான். தேங்காய்ப்பட்டினத்தின் வாழ்வை அவர் எழுதியபோது, ஊர்ப் பெரிய முதலாளியின் ஆணவத்தையும், மார்க்கத்தின் பெயரால் கல்வியை மறித்தவர்களின் அறியாமையையும், அவற்றின் கீழ் நசுங்கிய ஏழை முஸ்லிமையும் மறைக்கவில்லை. 1988 இல் அந்நாவல் நூலாக வந்தது. 'சாய்வு நாற்காலி'க்காக 1997 இல் சாகித்திய அக்காதெமி விருது பெற்றார். அவர் தமிழை மலையாள எழுத்தில் எழுதியவர். பிழைப்புக்கு மிளகாய் வற்றல் வியாபாரம் செய்தவர். 2019 இல் காலமானார். சமூகத்தைக் காட்டிக்கொடுத்தார் என்று அன்று முணுமுணுத்தவர்கள் உண்டு. இன்று அச்சமூகத்தின் பேச்சையும் சோற்றின் மணத்தையும் காத்து வைத்திருப்பது அவருடைய எழுத்தே. தன் வீட்டுக் குற்றத்தைச் சொல்லும் துணிவு இருந்ததால்தான் அவர் சொன்ன மற்றவற்றையும் உலகம் நம்பியது.

7

மூன்றாவது கடமை, உரியவரிடம் சேர்ப்பது. இது மற்ற இரண்டையும்விடக் கடினம்.

இதைச் செய்துகாட்டியவர்கள் நம் மலைகளிலேயே இருந்திருக்கிறார்கள். 1920 களில் கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்து மக்கள் நிலையை அறிந்தார் என்பர். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள், தொழிலாளரின் துன்பத்தை அவர்களுக்குப் பழகிய மெட்டுகளில் பாட்டாக்கிச் சிறு பிரசுரங்களாக அச்சிட்டுக் கூட்டங்களில் அவர்கள் முன்னாலேயே பாடினார். யாருடைய துயரமோ அவர்களே கேட்டார்கள். கேட்டவர்கள் சங்கத்தில் சேர்ந்தார்கள். இலக்கியத் தரத்தில் அவை எங்கே நிற்கும் என்று வாதாடலாம். அமானிதம் வீடு போய்ச் சேர்ந்தது என்பதில் வாதமில்லை.

சி. வி. யின் நிலை வேறு. 1947 இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் போனவர் அவர். அடுத்த ஆண்டே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் அவருக்கு வாக்களித்த மக்களை நாடற்றவர்களாக்கிற்று. அவர் தேயிலைத் தோட்டத்தைப் பற்றிய தம் புகழ்பெற்ற கவிதையை ஆங்கிலத்தில் எழுதினார். சக்தீ பாலையாவின் தமிழாக்கம் 1969 இல்தான் நூலாயிற்று. உலகுக்குச் சொல்ல ஆங்கிலம் வேண்டியிருந்தது. உரியவரிடம் சேர்க்க இன்னொருவர் கை வேண்டியிருந்தது. மொழிபெயர்ப்பாளரின் பணியை நாம் இந்தக் கோணத்திலும் மதிக்க வேண்டும்.

நியாயமான ஓர் ஆட்சேபம் இங்கே எழும். இலக்கியம் கட்டளைச் சீட்டு அல்ல. ஒவ்வொரு நாவலுக்கும் ஒரு செயல் என்று கணக்கு வைத்தால் எல்லா எழுத்தும் துண்டுப்பிரசுரமாகிவிடும். வாசிப்பின் ஆனந்தமே செத்துவிடும். இதை நான் மதிக்கிறேன். எல்லாத் துயரத்துக்கும் நாம் பொறுப்பெடுக்க முடியாது. அப்படி நினைப்பதும் ஒருவகைப் பெருமை. ஆனால் அமானிதச் சட்டத்திலேயே இதற்கு இடமிருக்கிறது. கையில் வந்த பொருளுக்குத்தான் பொறுப்பு. ஊரிலுள்ள எல்லாப் பொருளுக்கும் அல்ல. எங்கோ நடக்கும் போர் பற்றிய நாவலை வாசித்தால் அதைச் சிதைக்காமல் நினைவில் வைத்திருப்பதே நம்மால் ஆவது. பக்கத்து லயத்தைப் பற்றிய நாவலை வாசித்தால் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஆகும்.

எவ்வளவு கூடுதலாக? 'மாஊன்' அத்தியாயம் நமக்கு மனப்பாடம். அயலவருக்குக் கொடுத்துதவும் அற்பப் புழங்குபொருளைக்கூடத் தடுத்துக்கொள்பவரின் தொழுகையை அது கேள்விக்குள்ளாக்குகிறது. உப்பு, வாளி, மண்வெட்டி என்ற அளவில் விளக்கம் சொன்ன முபஸ்ஸிர்கள் உண்டு. பெரிய தியாகத்தைப் பற்றி அங்கே பேச்சில்லை. எனக்கு அந்த அளவு பிடித்திருக்கிறது.

சி. வி. யின் நாவலொன்றின் பெயர் 'வீடற்றவன்'. இன்று பலருக்கு லயத்திலே கூரை இருக்கிறது. ஆனால் முகவரி இல்லை. நூறு குடும்பத்துக்குத் தோட்டத்தின் பெயரே முகவரி. கடிதம் தோட்ட அலுவலகத்துக்குப் போய், யாரோ ஒருவர் கையில் ஏறி, நினைவிருந்தால் வந்துசேரும். நேர்முகப் பரீட்சை முடிந்த மறுவாரம் அழைப்புக் கடிதம் கிடைத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். அந்நாவலை மறுபடி வாசித்த பிறகு எங்கள் ஊரில் நாங்கள் சிலர் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். உயர்தரம் எழுதிய பிள்ளைகள் விண்ணப்பங்களில் எங்களில் ஒருவரின் வீட்டு முகவரியை ஊடாக என்று போட்டுக்கொள்ளலாம். கடிதம் வந்த அன்றே ஒருவர் கொண்டுபோய்க் கொடுப்பார். ஒரு வாளி, ஒரு மண்வெட்டி அளவான உதவிதான். இதனால் எவருக்கும் வீடு கிடைத்துவிடாது. காணியுரிமையும் முகவரியும் அரசு கொடுக்கவேண்டியவை, அவற்றைக் கேட்கும் போராட்டம் தனியே இருக்கிறது. ஆனால் அந்த நாவலைப் பற்றி இனி நான் பேசும்போது, அதன் பெயரைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை வந்திருப்பதாக உணர்கிறேன்.

வாசிப்பு மனிதரை மேம்படுத்தும் என்று நாம் மேடைதோறும் சொல்கிறோம். தானாக மேம்படுத்தாது என்பதே என் முடிவு. நாவல் நம் கையில் ஒருவரின் பொருளைத் தந்துவிட்டுப் போகிறது. அதைக் கூட்டாமல் குறைக்காமல் வைத்திருக்கிறோமா, நம் பெயருக்கு மாற்றிக்கொள்கிறோமா, அவர் வாசல்வரை நடக்கிறோமா என்பதெல்லாம் நம் பாடு. அழுகை அந்தப் பொருள் கிடைத்ததற்கான பற்றுச்சீட்டு மட்டும்.

இவ்விதழின் வாசகர்களில் கடை வைத்திருப்போரும் கற்பிப்போரும் தோட்டங்களில் உத்தியோகம் பார்ப்போரும் இருக்கிறீர்கள். உங்கள் கைக்கு வந்த அமானிதங்கள் வேறாக இருக்கும். என் வாதத்தில் இடறும் இடங்களைச் சுட்டிக்காட்டி எழுதுவீர்களானால் மகிழ்வேன். அதைவிட, உங்கள் பக்கத்து மலையில் எழுதத் தயங்கி நிற்கும் ஓர் இளைஞரின் முதற்கதையை வாங்கி இவ்விதழுக்கு அனுப்பிவைப்பீர்களானால் இன்னும் மகிழ்வேன்.